உங்களுக்குத் தெரியுமா? சுவர் சுவிட்சும் ஸ்மார்ட் பல்பும்

◆ ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும் ஸ்மார்ட் பல்புகளில் பல, ரிப்பேரான பல்புகளே அல்ல. யாரோ சுவர் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தப் பல்புக்குள் எல்இடி மட்டும் இல்லை. ஒரு சின்ன கம்ப்யூட்டரும் ரேடியோவும் இருக்கின்றன. வெளிச்சம் வேண்டாத நேரத்திலும் அவற்றுக்குக் கரண்ட் வேண்டும். ‘ரூமை விட்டு வரும்போது லைட்டை அணைச்சுட்டு வா’ என்று பிள்ளைகளைப் பழக்கிய வீட்டில் இது தினசரிச் சண்டை. சிலர் சுவிட்ச் மேல் செலோடேப் ஒட்டிவைக்கிறார்கள். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் அந்த டேப் ஒரு வாரம் தாங்கினால் அதிசயம்.

அப்படிப்பட்ட வீட்டில் பல்பை விட்டுவிட்டு சுவிட்சை ஸ்மார்ட் ஆக்குவதே மேல். போர்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ரிலே மாட்யூலை வைத்துவிட்டால், பழைய சுவிட்சும் வேலை செய்யும், செல்போனும் வேலை செய்யும். யாரும் எந்தப் பழக்கத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நிறம் மாறும் வெளிச்சம் வேண்டும் என்கிற இடத்துக்கு மட்டும் ஸ்மார்ட் பல்பு வாங்கினால் போதும்.

◆ அந்த மாட்யூலுக்கு நியூட்ரல் வயர் வேண்டும் என்பார் எலெக்ட்ரீஷியன். நம் ஊர் போர்டுகளில் இது பெரும்பாலும் பிரச்சினை ஆவதில்லை. சுவிட்சுகளோடு ஒரு பிளக் பாயின்ட்டும் அதே போர்டில் இருப்பதால், நியூட்ரல் அங்கேயே வந்திருக்கும். தகராறு செய்வது மாடிப்படி லைட்தான். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று டூ-வே சுவிட்ச் போட்ட பெட்டியில் பல வீடுகளில் நியூட்ரல் இருக்காது.

நியூட்ரல் தேவைப்படாத மாடல்களும் கடையில் உண்டு. அவை தாங்கள் இயங்கத் தேவையான துளி கரண்டைப் பல்பின் வழியாகவே இழுத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடியோ அந்தத் துளியிலேயே மங்கலாக ஒளிரும், அல்லது விட்டுவிட்டு மின்னும். பல்பு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிப் போட்டால் அதுவும் மின்னும். ‘பைபாஸ்’ என்று ஒரு சின்ன கெபாசிட்டர் விற்கிறார்கள். பல மாட்யூல்களுடன் சேர்ந்தே வரும். அதைப் பல்புக்கு இணையாகப் போட்டால் அடங்கிவிடும்.

◆ ஸ்மார்ட் எதுவும் இல்லாத சாதாரண எல்இடி பல்பே அணைத்த பிறகும் இருட்டில் லேசாக ஒளிர்கிறதா? சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கலாம். அப்படியென்றால் லைட் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கிறது. பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஆபத்து. ஆப்பைத் திறப்பதற்கு முன் டெஸ்டரோடு ஒரு எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லுங்கள்.

◆ புதுப் பல்பு வைஃபையில் சேராமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அலைவரிசையை. பெரும்பாலான வைஃபை பல்புகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். அதற்கான சிப் மலிவு. சுவரைத் தாண்டிப் போவதிலும் 5 கிகாஹெர்ட்ஸை விட அது கெட்டிக்காரன். ஆனால் இன்றைய ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்புகிறது. செல்போன் வேகத்துக்கு ஆசைப்பட்டு 5-இல் உட்கார்ந்துகொள்ளும், பல்பு 2.4-இல் அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

வழிகள் மூன்று. ரவுட்டர் செட்டிங்ஸில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கலாம். 2.4-இல் மட்டும் ஒரு கெஸ்ட் நெட்வொர்க் திறந்து பல்புகளையெல்லாம் அதில் விடலாம். இரண்டும் கைவராதவர்கள் செல்போனோடு ரவுட்டரை விட்டு இரண்டு அறை தள்ளிப் போய் நிற்கலாம். 5-இன் சிக்னல் பலவீனமானதும் செல்போன் தானாகவே 2.4-க்கு இறங்கிவரும், அந்த நேரம் பார்த்து இணைத்துவிட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

◆ பல பிராண்டுகளில் சிமிட்டலுக்கும் பொருள் உண்டு. வேகமாகச் சிமிட்டினால், செல்போன் அனுப்பும் வைஃபை விவரத்துக்குக் காத்திருக்கிறது. மெதுவாகச் சிமிட்டினால், பல்பு தானே ஒரு குட்டி வைஃபையை உருவாக்கி வைத்திருக்கிறது. செல்போனை அதில் இணைத்து விவரத்தைக் கையில் கொடுக்க வேண்டும். வேகமான முறை திரும்பத் திரும்பத் தோற்றால் மெதுவானதற்கு மாறிப் பாருங்கள். பிடிவாதக்காரப் பல்புகள் பெரும்பாலும் அதில் பணிந்துவிடும்.

◆ நேற்று வரை எரிந்த பல்பு இன்று காலை நெட்வொர்க்கில் காணோம், யாரும் எதையும் தொடவில்லை. இப்படி நடக்க ஒரு காரணம் சேனல். 2.4-இல் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் நடைமுறையில் 11 வரைதான். அமெரிக்கச் சந்தைக்காக அமைத்த சில பல்புகளுக்கு 12, 13 கண்ணுக்கே தெரியாது. ‘ஆட்டோ’வில் விட்ட ரவுட்டர் ஒருநாள் 13-க்குத் தாவினால் பல்பு அநாதை. சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்திவைத்துவிடுங்கள்.

◆ சின்னச் சின்னத் தடைகள்: செல்போனில் விபிஎன் ஓடிக்கொண்டிருப்பது, ஆண்ட்ராய்டில் லொக்கேஷன் அனுமதி தராதது, ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் போட்டுவைத்திருப்பது, வைஃபை பெயரிலோ பாஸ்வேர்டிலோ இடைவெளியும் எமோஜியும் வைத்திருப்பது. இந்த நான்கில் ஏதாவது ஒன்று போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட.

◆ ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது, படுக்கையறைப் பல்பு முழு வெளிச்சத்தில் பளீரென்று எரிந்து வீட்டையே எழுப்புகிறதா? பல்பின் பிழை இல்லை. தொழிற்சாலையில் அப்படித்தான் வைத்து அனுப்புகிறார்கள். ஆப் வேலை செய்யாவிட்டாலும் சுவர் சுவிட்சைப் போட்டதும் எரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அடிக்கடி மின்தடை உள்ள ஊருக்கு அது ஒத்துவராது. ஆப்பில் ‘பவர்-ஆன் பிஹேவியர்’ அல்லது அதைப் போன்ற பெயரில் ஒரு செட்டிங் இருக்கும். ‘முன்பு இருந்த நிலை’ என்று மாற்றிவிடுங்கள். வாங்குவதற்கு முன்பே இந்த வசதி உண்டா என்று பார்ப்பது இன்னும் நல்லது. 1 கோடியே 60 லட்சம் நிறங்கள் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதை விட நம் வீட்டுக்கு இதுதான் முக்கியம்.

◆ மழைக்காலத்தில் கரண்ட் படபடவென்று போய்ப் போய் வரும் அல்லவா? அதன்பின் சில பல்புகள் நெட்வொர்க்கையே மறந்துவிட்டுச் சிமிட்டத் தொடங்கும். காரணம் எளிது. மூன்று முதல் ஐந்து முறை சுவிட்சைப் போட்டு அணைத்தால் ரீசெட் ஆக வேண்டும் என்று பல பல்புகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். மின்வாரியம் செய்ததா, நீங்கள் செய்தீர்களா என்று பல்புக்கு எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. கரண்ட் வந்த சில விநாடிகளில் பல்பு விழித்துவிடும். ரவுட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் தேடிச் சலித்த பல்பு சும்மா இருந்துவிடும். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

◆ ரீசெட் என்றதும் நினைவுக்கு வருவது 2019-இல் உலகமே பார்த்துச் சிரித்த ஒரு வீடியோ. ‘சி பை ஜிஇ’ பல்பை ரீசெட் செய்ய அந்த நிறுவனமே வெளியிட்ட விளக்கம் அது. பல்பை 8 விநாடி எரியவிட வேண்டும், 2 விநாடி அணைக்க வேண்டும், இப்படி ஐந்து முறை. கடைசியில் பல்பு மூன்று முறை மின்னினால் வெற்றி. மின்னாவிட்டால் பல்பின் மென்பொருள் பழையது, அதற்கு வேறு கணக்கு. நகைச்சுவை என்று நினைத்தவர்கள் பலர். நிறுவனம் சீரியஸாகத்தான் சொன்னது. ஆனால் யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மின்வெட்டின் படபடப்போடு குழம்பாத தாளம் அது.

◆ சாயங்காலம் 6 மணிக்கு எரியச் சொன்ன வாசல் விளக்கு ராத்திரி 11.30-க்கு எரிந்தால், நேர மண்டலம் தப்பு. பல்பு கிரீன்விச் கணக்கில் ஓடுகிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். ஆப்பில் வீட்டின் இருப்பிடத்தைச் சரியாகக் கொடுத்தால் தீர்ந்தது. கொடுத்த பிறகு மணிக் கணக்கை விட்டுவிட்டு ‘சூரிய அஸ்தமனம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். சென்னையில் நவம்பரில் 5.40 வாக்கிலும் ஜூலையில் 6.40 வாக்கிலும் பொழுது சாய்கிறது. லண்டனில் டிசம்பரில் 4 மணிக்கு முன்பே, ஜூனில் 9 மணிக்கும் பிறகு. இந்த வசதிக்கு அங்கே இருக்கும் மவுசு நமக்குப் புரியாததில் வியப்பில்லை.

◆ செல்போன் இல்லாத காலத்திலேயே வீட்டு விளக்கைத் தூரத்திலிருந்து இயக்கினார்கள். ஸ்காட்லாந்தின் கிளென்ராத்ஸ் ஊரில் இருந்த பிகோ எலெக்ட்ரானிக்ஸ் 1975-இல் ‘எக்ஸ்10’ என்ற முறையை உருவாக்கியது. கட்டளை போனது காற்றில் அல்ல, சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கரண்ட் வயரில். ஒரு வீட்டில் 256 சாதனங்கள் வரை முகவரி கொடுக்கலாம். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரும் அதையே வாங்கி அதே முகவரியைத் தேர்ந்தெடுத்திருந்தால், அவர் பொத்தானை அழுத்த உங்கள் விளக்கு எரியும்.

◆ பிலிப்ஸ் ஹியூ 2012 அக்டோபரில் வந்தபோது ஆப்பிள் கடைகளில் மட்டுமே கிடைத்தது. மூன்று பல்பும், அவற்றை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் ‘பிரிட்ஜ்’ என்ற பெட்டியும் சேர்ந்து 199 டாலர். நிறம் மாறும் பல்பு இவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணம் நீலம். சிவப்பு எல்இடி 1962-லேயே தயார். பிரகாசமான நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் வெள்ளையும் இல்லை. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

◆ ஹியூ போன்ற பல்புகள் வைஃபையில் ஓடுவதில்லை; ஸிக்பீ என்ற வேறு ரேடியோவில் பேசுகின்றன. அதில் ஒவ்வொரு பல்பும் அடுத்த பல்புக்குச் செய்தியைக் கடத்துகிறது. ஹாலில் இருக்கும் பல்பை சுவரில் அணைத்தால், அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்த மொட்டைமாடிப் பல்பும் தொடர்பு இழக்கலாம். பழுது ஒரு இடம், குற்றவாளி வேறு இடம். பேட்டரியில் ஓடும் ரிமோட்டும் சென்சாரும் இந்தக் கடத்தல் வேலையில் சேராது.

ஸிக்பீயும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் குடியிருக்கிறது. வைஃபையோடு முட்டிக்கொண்டால் பல்புகள் தாமதமாக எரியும், சில எரியவே எரியாது. வைஃபை சேனல் 1 என்றால் ஸிக்பீயை 20 அல்லது 25-க்கு மாற்றுங்கள். வைஃபை 11 என்றால் ஸிக்பீக்கு 11 அல்லது 15. எண் ஒன்றே போல இருந்தாலும் இரண்டின் 11-ம் வேறு வேறு இடம், குழம்ப வேண்டாம். பிரிட்ஜை ரவுட்டரின் தலைமேல் உட்கார வைக்காமல் ஒரு மீட்டராவது தள்ளி வைப்பதும் உதவும்.

◆ வெளிநாட்டு உறவினர் அன்போடு வாங்கிவந்த பல்பு பெரும்பாலும் நம் ஹோல்டரில் ஏறாது. அங்கே பல நாடுகளில் திருகு மரையுள்ள ‘இ27’, அமெரிக்காவில் ‘இ26’. இங்கே இரண்டு கொம்புள்ள ‘பி22’, பிரிட்டிஷ்காரர் விட்டுப்போனது. இலங்கையிலும் இதுவே வழக்கம். மாற்று ஹோல்டர் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் அமெரிக்கப் பல்பு என்றால் அதற்கு முன் வோல்ட்டேஜைப் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் ஷோகேஸில் வைப்பதே உத்தமம்.

◆ ரெகுலேட்டர் போட்ட பாயின்ட்டில் ஸ்மார்ட் பல்பை மாட்டக் கூடாது. பல்பே தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சுவரில் இருக்கும் டிம்மர் கரண்டின் அலையை வெட்டிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் தடுமாறும். ரீங்காரம், மின்னல், சீக்கிர மரணம், இதே வரிசையில்.

◆ பழைய ‘ஜீரோ வாட்ஸ்’ பல்பு ஜீரோ வாட் அல்ல. 12 முதல் 15 வாட் வரை இழுத்தது. அணைந்திருக்கும் ஸ்மார்ட் பல்பும் அப்படித்தான், அது சும்மா இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பரிலிருந்து இந்தக் காத்திருப்புச் செலவுக்கு அரை வாட் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அரை வாட் ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 4.4 யூனிட். பாத்ரூமில் ஒரு நாளைக்கு 20 நிமிடம் எரியும் 9 வாட் பல்பின் ஆண்டுச் செலவு 1.1 யூனிட்தான். அங்கே ஸ்மார்ட் பல்பு மாட்டினால் எரிவதைப் போல நான்கு மடங்கு, எரியாமல் இருக்கச் செலவாகும். ஹாலுக்கு மாட்டுங்கள், வாசலுக்கு மாட்டுங்கள். பாத்ரூமுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் சாதாரண பல்பு போதும்.

◆ 9 வாட் ஸ்மார்ட் பல்பை நீலத்துக்கு மாற்றினால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விட்டதாகத் தோன்றும். பழுது இல்லை. உள்ளே வெள்ளை எல்இடிகள் நிறைய, நிறத்துக்கான எல்இடிகள் கொஞ்சம். படிக்க வெள்ளை, கொண்டாட நிறம்.

◆ முதல் மழை விட்ட மாலையில் ஈசல் கூட்டம் விளக்கைச் சூழுமே, அன்று பல்பை ஆரஞ்சுக்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். நீலம் குறைந்த வெளிச்சத்துக்குப் பூச்சிகள் பொதுவாகக் குறைவாகவே வரும். வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஸ்மார்ட் வசதி கடைசியில் இதுவாகவே இருக்கலாம்.

◆ ஸ்மார்ட் ஸ்பீக்கரிடம் ‘கிச்சனை அணை’ என்றால் அறை முழுவதையும் அணைப்பதா, ‘கிச்சன்’ என்று பெயர் வைத்த பல்பை அணைப்பதா? இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அது தடுமாறும். அறைக்கு ஒரு பெயர், பல்புக்கு இன்னொன்று. இங்கிலீஷில் செட் செய்த ஸ்பீக்கருக்கு ‘முற்றம்’, ‘தாழ்வாரம்’ எல்லாம் சோதனைதான்.

◆ பல்பு நன்றாக இருந்தும் செத்துப்போகலாம், நிறுவனம் கடையை மூடினால். ரிவால்வ் என்ற ஸ்மார்ட் வீட்டு ஹப்பை, அதை வாங்கியிருந்த நெஸ்ட் நிறுவனம் 2016-இல் நிறுத்திவிட்டது. ஆஸ்ராமின் லைட்டிஃபை சர்வர் 2021 ஆகஸ்ட் இறுதியில் அணைந்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் காணாமல் போயின. பிறகு வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்தத் தொழிலை வாங்கி மீட்டார்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக்குள் வேலை செய்யுமா?

2022 அக்டோபரில் வந்த ‘மேட்டர்’ என்ற பொது விதிமுறைக்கு இதுவே பெரிய கவர்ச்சி. வெவ்வேறு நிறுவனப் பொருள்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ளும். அந்தப் பல்புகளுடன் ஒரு கியூஆர் கோடும் 11 இலக்க எண்ணும் வரும். சில மாடல்களில் கோடு பல்பின் உடம்பிலேயே அச்சாகியிருக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் மாட்டிய பிறகு ஏணி போட்டுத்தான் படிக்க முடியும். மாட்டுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.

◆ 2016-இல் ஆதி ஷமிர் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டடத்துக்கு வெளியே டிரோனைப் பறக்கவிட்டு, உள்ளே இருந்த ஹியூ பல்புகளைக் கைப்பற்றி ‘எஸ்ஓஎஸ்’ என்று மோர்ஸில் மின்ன வைத்தார்கள். ஷமிர் என்றால் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் ‘எஸ்’. பிலிப்ஸ் அந்த ஓட்டையை அடைத்தது.

2020-இல் செக் பாயின்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் காட்டியது இன்னும் தந்திரமானது. தாக்குபவர் முதலில் ஒரு பல்பைப் பிடித்து அதன் நிறத்தையும் வெளிச்சத்தையும் தாறுமாறாக மாற்றுவார். ஆப்பிலும் அது ஒழுங்காகத் தெரியாது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? நாம் எல்லோரும் செய்வதைத்தான்: பல்பை ஆப்பிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பார். அந்த மறுபடி சேர்க்கும் நொடியில்தான் பிரிட்ஜுக்குள் நுழைய வழி இருந்தது. இதற்கும் அப்டேட் வந்துவிட்டது. ஆகவே நீக்கிச் சேர்ப்பதற்கு முன் பிரிட்ஜின் மென்பொருள் புதியதா என்று ஒருமுறை பாருங்கள்.

◆ குப்பையில் போட்ட பல்பும் பேசும். ‘லைஃப்எக்ஸ் மினி’ பல்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர் ஒருவர் 2019 ஜனவரியில் வெளியிட்ட செய்தி: வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் உள்ளே எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே இருந்தன. நிறுவனம் பிறகு சரிசெய்தது. ஆனால் சந்தையில் மலிவு விலைப் பல்புகள் எத்தனையோ வகை. எல்லாவற்றையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே வீடு மாறும்போதும், பழைய பல்பை யாருக்காவது கொடுக்கும்போதும் ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். எரியாமல் போன பல்பை ரீசெட் செய்ய வழியில்லை. அப்போது மாற்ற வேண்டியது வைஃபை பாஸ்வேர்டை. பல்புகளைத் தொடக்கத்திலேயே கெஸ்ட் நெட்வொர்க்கில் விட்டவர்கள் அதன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி, மிச்சப் பல்புகளை அதில் சேர்த்தால் போதும். செல்போன், டிவி, லேப்டாப் எதையும் தொட வேண்டியிருக்காது.